பாட்டு செட்டு தின்ற பேட்டரி: ஒரு டிராக்டரின் நிகழ்வு ஆய்வு

ஆனி கடைசி வாரம். உடுமலைப் பக்கம் அப்போது காற்றுக்காலம். புழுதிக்குப் பயந்து கடை ஷட்டரைப் பாதி இறக்கி வைத்து வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். சரக்கு ஆட்டோவில் இரண்டு பேட்டரியை ஏற்றிக்கொண்டு தோட்டத்துக்காரர் ஒருவர் வந்து இறங்கினார். பல வருடப் பழக்கம். ஒன்று டிராக்டருடையது, 12 வோல்ட், 80 ஆம்பியர்-ஹவர் (எவ்வளவு கரண்டைச் சேர்த்து வைக்கும் என்கிற அளவு). இன்னொன்று அவர் மகன் ஓட்டும் லோடு வண்டியுடையது.

“தம்பி, ரெண்டும் செத்துப்போச்சுங்க. ஆடிப்பட்டத்துக்கு உழவு ஓட்டோணும். புதுசு வாங்கறதா, இதையே ஏதாச்சும் பண்ண முடியுமா, பார்த்துச் சொல்லுங்க.”

“வெச்சுட்டுப் போங்கண்ணா. டிராக்டரையும் நான் ஒருக்கா வந்து பார்க்கோணும்.”

“கோளாறு பேட்டரியிலங்களே, டிராக்டரை என்னத்துக்குப் பாக்கறீங்க?”

இந்தக் கேள்வி வாரம் இரண்டு தடவையாவது என்னிடம் வந்துவிடுகிறது. இரண்டரை வருடப் பேட்டரி படுத்துவிட்டது என்றால் எனக்கு முதல் சந்தேகம் வண்டி மேல்தான். அதைப் பார்க்காமல் புதுசை மாட்டினால், அடுத்த வருடம் அதே ஆள் அதே ஆட்டோவில் இறங்குவார்.

லோடு வண்டிப் பேட்டரியை முதலில் முடித்துவிடுகிறேன், அதில் சொல்ல அதிகம் இல்லை. மீட்டர் வைத்தால் 10.6 வோல்ட். நிறைந்த பேட்டரியில் ஒரு செல் (உள்ளே இருக்கும் தனி அறை) 2 வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேல், ஆறு செல் சேர்ந்து 12.6. இங்கே ஒரு செல் அளவு காணோம். ஹைட்ரோமீட்டரில் (ஆசிட் தண்ணீரைவிட எத்தனை மடங்கு அடர்த்தி என்று காட்டும் கண்ணாடிக் குழாய்) உறிஞ்சிப் பார்த்தால் ஐந்து செல்லில் 1.290. மூன்றாவது செல்லில் காபி டிக்காஷன் மாதிரி பழுப்புக் கலங்கல், அளவு 1.130. பாசிட்டிவ் பிளேட்டின் பசை உதிர்ந்து அடியில் வண்டலாகச் சேர்ந்து பிளேட்டுகளை ஒட்ட வைத்துவிட்டது. எங்கள் பேச்சில் ‘செல் ஷார்ட்’. உறுதிப்படுத்திக்கொள்ள சார்ஜில் போட்டேன். ஐந்து செல் கொதித்தது, மூன்றாவது செல் ஒரு குமிழிகூட விடவில்லை. விசாரித்தால், தண்ணீர் குறைந்தபோது எங்கேயோ ஒரு கடையில் ஆசிட்டையே ஊற்றியிருக்கிறார்கள். அளவுக்கு மீறிய அந்த 1.290-க்கு அதுதான் காரணம். ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்தான், ஆசிட் உள்ளேயே இருக்கும். அதன் மேல் இன்னும் ஆசிட் ஊற்றினால் பிளேட்டும் கம்பிச் சட்டமும் அரித்துப்போகும். உதிர்ந்த பசையைத் திரும்ப ஒட்ட வைக்க எந்த வித்தையும் கிடையாது. பழசை டீலரிடம் கொடுத்துவிட்டுப் புதுசு எடுக்கச் சொல்லிவிட்டேன்.

டிராக்டர் பேட்டரி வேறு கதை. 10.9 வோல்ட் காட்டியது. மூடிகளைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தேன். (தீக்குச்சி கிழித்துப் பார்க்கிற ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள், அதற்குப் பிறகு வருகிறேன்.) எல்லா செல்லிலும் தண்ணீர் பிளேட்டுக்குக் கீழே ஒரு விரல் அளவு இறங்கியிருந்தது. பிளேட்டின் மேல் விளிம்பில் சாம்பல் வெள்ளையாகப் பூத்திருந்தது. டெர்மினலில் பச்சையும் வெள்ளையுமாக உப்பு. ஆனால் எந்த செல்லிலும் கலங்கல் இல்லை, பெட்டி உப்பவில்லை, அடியில் கசிவு இல்லை.

“டவுன்ல ஒரு ராத்திரி பூரா சார்ஜ் போட்டாங்க தம்பி. அரை மணியிலேயே பச்சை லைட்டு எரிஞ்சிருச்சாமா. ஃபுல்லுன்னு குடுத்துட்டாங்க. கொண்டுபோய் மாட்டினா ‘டக்’குன்னு ஒரு சத்தம், அவ்வளவுதான்.”

அந்தப் பச்சை விளக்குதான் எனக்கு முதல் துப்பு. பேட்டரி இறங்கும்போது இரண்டு வகைப் பிளேட்டின் மேலும் ஈய சல்பேட் படிகிறது, ஆசிட் நீர்த்துப்போகிறது. உடனே சார்ஜ் ஏற்றினால் அந்த சல்பேட் கரைந்து பழையபடி திரும்பிவிடும். வாரக்கணக்கில், மாதக்கணக்கில் அப்படியே விட்டால் பொடிப்பொடியாக இருந்த படிகம் ஒன்றோடொன்று சேர்ந்து கல்கண்டு மாதிரி பெரிதாகி இறுகிவிடும். கரண்ட் எளிதில் நுழையாது. ஆட்டோமேட்டிக் சார்ஜர் கொஞ்சம் கரண்டைத் தள்ளிப் பார்க்கும், உள்ளே தடை அதிகம் என்பதால் வோல்ட் சடாரென்று ஏறும். நிறைந்துவிட்டது என்று நம்பிப் பச்சையைக் காட்டும். வயிறு ஒட்டிய ஆள் ஒரு வாய் தண்ணீருக்கே ஏப்பம் விட்ட மாதிரி.

இந்த நிலையில் நான் அந்தச் சார்ஜரைத் தொடுவதில்லை. வோல்ட்டையும் ஆம்பியரையும் தனித்தனியாகக் கட்டுப்படுத்துகிற மேசை சப்ளை ஒன்று வைத்திருக்கிறேன். முதலில் டிஸ்டில்ட் வாட்டர், பிளேட் மூழ்கும் அளவு மட்டும். மேல் கோடு வரை இப்போதே ஊற்றினால் சார்ஜ் ஏறும்போது பொங்கி வழியும், வழிவது ஆசிட்டோடு வழியும். கேன் தண்ணீரோ ஏசியில் சொட்டும் தண்ணீரோ ஊற்ற மாட்டேன். கேன் தண்ணீரில் உப்பு மிச்சம் இருக்கிறது. ஏசித் தண்ணீர் உலோகச் சுருளைத் தொட்டுக்கொண்டு, தூசியைக் கழுவிக்கொண்டு வருகிறது.

முதல் நாள் மாலை நாலு மணிக்கு 2 ஆம்பியருக்கு மேல் போகாதபடி, வோல்ட் உச்சவரம்பு 16 வைத்து விட்டேன். பேட்டரி வண்டியில் இல்லாததால்தான் 16. வண்டியில் மாட்டியபடியே இதைச் செய்தால் மீட்டர், விளக்கு எல்லாம் போய்விடும். வோல்ட் உடனே 16-ஐத் தொட்டது, ஆம்பியர் 0.2. ராத்திரி ஒன்பது மணிக்குக் கடை சாத்தும்போது 0.7. காலை ஆறு மணிக்கு வந்து திறந்தால் முழு 2 ஆம்பியர் இழுத்துக்கொண்டிருந்தது, வோல்ட் 12.7-க்கு இறங்கியிருந்தது. சார்ஜ் ஏற ஏற வோல்ட் கூடத்தானே வேண்டும், இறங்குகிறதே என்று கடைப் பையன் கேட்டான். இறுகிய படிகம் இளகித் தடை குறைந்துவிட்டது, அதனால்தான் இறக்கம். இந்த இறக்கம் வராத பேட்டரியை இரண்டு நாள் பார்த்துவிட்டு ஓரமாக வைத்துவிடுவேன்.

அதற்கப்புறம் வேலை ஒன்றும் இல்லை, காத்திருப்புதான். இரண்டாம் நாள், மூன்றாம் நாள் அதே 2 ஆம்பியர். 80 ஆம்பியர்-ஹவர் பேட்டரிக்கு வழக்கமாக 8 ஆம்பியர் வைப்பார்கள், பத்தில் ஒரு பங்கு. நல்ல பேட்டரிக்கு அது சரி. இறுகிய பேட்டரிக்கு அவசரப்பட்டு அள்ளிப் போட்டால் சூடாகும், நுரைக்கும், பிளேட்டின் பசை கழன்று கொட்டும். மூன்றாம் நாள் ராத்திரி 14.4 வோல்ட். ஆறு செல்லிலும் மெல்லிய குமிழி. நாலாவது செல் மட்டும் ஒரு மணி நேரம் தாமதமாகத்தான் ஆரம்பித்தது.

குமிழி வந்தால் ஹைட்ரஜன் வந்துவிட்டது என்று அர்த்தம். காற்றில் 4 சதவீதம் கலந்தாலே பற்றும். ஷட்டரை முழுக்கத் தூக்கிவிட்டேன், புழுதி வந்தால் வரட்டும் என்று. வேலை கற்றுக்கொண்ட புதிதில் சார்ஜரை அணைக்காமலே கிளிப்பைப் பிடுங்கியிருக்கிறேன். ஒரு பொறி, ஒரு வெடி, மூடிகள் கூரையில் போய் அடித்தன. கண்ணைத் திருப்பியிருந்ததால் தப்பித்தேன். முகத்தையும் கையையும் கழுவிவிட்டு, சட்டைக்கு ஒன்றும் ஆகவில்லை என்றுதான் நினைத்தேன். அடுத்த நாள் அம்மா துவைத்துக் காயப்போட்டபோது அது சல்லடையாக இருந்தது. அன்றிலிருந்து கண்ணாடி போடாமல் மூடியைத் திறப்பதில்லை. பக்கத்தில் ஒரு வாளி தண்ணீர், ஒரு டப்பா ஆப்பசோடா எப்போதும் இருக்கும். சோடா, ஆசிட் சிந்திய தரைக்கும் பெட்டிக்கும்தான். கண்ணில் பட்டால் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

நாலாம் நாள் வோல்ட் 15.8 வரை ஏறி அங்கேயே நின்றது. இனி வோல்ட்டைப் பார்த்துப் பயன் இல்லை, ஹைட்ரோமீட்டர்தான் பேசும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை ஆறு செல்லையும் உறிஞ்சி நோட்டில் எழுதினேன். கண்ணாடிக் குழாய் நிமிர்ந்து இருக்க வேண்டும், உள்ளே மிதப்பான் ஓரத்தில் ஒட்டக்கூடாது, கண் நீர்மட்டத்துக்கு நேராக இருக்க வேண்டும். நின்றவாக்கில் மேலிருந்து பார்த்து அளவு சொல்கிறவர்கள் பாதிப் பேர். குமிழி விடும் ஆசிட் 37 டிகிரி இருந்தது. நம் ஊரில் கணக்கு 27 டிகிரிக்கு. பத்து டிகிரி கூடுதலுக்கு 0.007 சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஐந்தாம் நாள் மதியம் தொடர்ந்து மூன்று தடவை எண் மாறவில்லை. அதோடு நிறுத்தினேன். திருத்திய அளவு, முதல் செல்லிலிருந்து வரிசையாக: 1.245, 1.250, 1.245, 1.220, 1.250, 1.245. பேட்டரி லேபிளில் இருந்தது 1.250. நாலாவது செல்லைத் தவிர மற்றதெல்லாம் கிட்டத்தட்ட வந்துவிட்டன. மேல் கோடு வரை தண்ணீர் நிரப்பி, ஒரு நாள் சும்மா வைத்து அளந்தால் 12.5 வோல்ட். ஹைட்ரோமீட்டர் அளவோடு 0.84 கூட்டினால் அந்த செல்லின் வோல்ட் சுமாராக வரும். ஆறையும் கூட்டிப் பாருங்கள், அதே 12.5. இரண்டு கருவியும் ஒரே கதையைச் சொன்னால்தான் எனக்கு நிம்மதி.

இங்கே பலர் கேட்பது எப்சம் சால்ட், அப்புறம் கடையில் பொட்டலமாக விற்கும் ‘பேட்டரி பொடி’. எப்சம் சால்ட் என்பது மெக்னீசியம் சல்பேட். ஏற்கெனவே சல்பேட் கரையவில்லை என்று தவிக்கிற இடத்தில் இன்னும் சல்பேட்டைக் கொட்டினால் கரைவது மேலும் குறையும். வோல்ட் இரண்டு நாள் நன்றாகக் காட்டும், அவ்வளவுதான். கரண்டைத் துடிப்புத் துடிப்பாக அனுப்பிப் படிகத்தை உடைக்கும் என்று விற்கிற பல்ஸ் கருவி ஒன்றும் காசு கொடுத்து வாங்கி வைத்திருக்கிறேன். ஒரே மாதிரி இரண்டு பேட்டரியில் ஒன்றுக்கு அதைப் போட்டும், இன்னொன்றை மெதுவான சார்ஜில் மட்டும் வைத்தும் பார்த்தேன். என் மேசையில் வித்தியாசம் தெரியவில்லை. இப்போது அதன் மேல் டீ டம்ளர் வைக்கிறேன்.

12.5 வோல்ட் காட்டுகிறது என்பதற்காகப் பேட்டரி எவ்வளவு தாங்கும் என்று சொல்லிவிட முடியாது. வாளி நிறைந்திருக்கிறது, சரி. வாளி எவ்வளவு பெரிசு? அதற்கு 55 வாட் ஹெட்லைட் பல்ப் ஒன்றைக் கட்டி இறக்கினேன். சுமார் 4.4 ஆம்பியர். 80 ஆம்பியர்-ஹவர் என்று கம்பெனி எழுதுவது 20 மணி நேரக் கணக்கு, அத்தனை நேரமும் 4 ஆம்பியர். அதனால் இந்த பல்ப் கிட்டத்தட்டப் பொருத்தம். 10.5 வோல்ட் வந்ததும் பல்பைப் பிடுங்கிவிட வேண்டும், அதற்குக் கீழே இறக்கினால் பழைய நோயை நாமே வரவழைத்த மாதிரி.

முதல் சுற்று 10 மணி 40 நிமிடம், சுமார் 47 ஆம்பியர்-ஹவர். உடனே சார்ஜ் போட்டு மறுபடி இறக்கினால் 12 மணி 50 நிமிடம், 56. மூன்றாவது சுற்று 57. இதற்கு மேல் கூடாது என்று தெரிந்துவிட்டது. புதுசில் 80, இப்போது 57, நூற்றுக்கு எழுபது சொச்சம். 1859-ல் பிரான்சில் கஸ்தோன் பிளான்டே முதல் ஈய-ஆசிட் பேட்டரி செய்தபோது, வெறும் ஈயத் தகடுகளைத் திரும்பத் திரும்ப ஏற்றி இறக்கித்தான் அவற்றுக்குக் கொள்ளளவு வரவழைத்தார். தூங்குகிற பிளேட்டை எழுப்ப நாங்கள் இன்றைக்குச் செய்கிற இரண்டு மூன்று சுற்றும் அதன் ஒன்றுவிட்ட தம்பிதான். அதற்காகப் பத்துச் சுற்று ஓட்டக்கூடாது. இது வண்டி ஸ்டார்ட் செய்கிற பேட்டரி, மெல்லிய பிளேட். ஒவ்வொரு ஆழ இறக்கமும் அதன் ஆயுளில் ஒரு கடி.

இதற்கு நடுவில், மூன்றாம் நாளே, கொஞ்சம் இறங்கின என் கடைப் பேட்டரி ஒன்றை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போயிருந்தேன். தென்னந்தோப்பு ஓரம், ஓலைக் கொட்டகையில் டிராக்டர். மட்கார்டு இரண்டிலும் ஸ்பீக்கர், சீட்டுக்குப் பின்னால் ஆம்ப்ளிஃபையர். தை மாசம் மாட்டுப் பொங்கலுக்காக மகன் மாட்டியதாம்.

சாவியைப் பிடுங்கிவிட்டு, நெகட்டிவ் லக்குக்கும் (கேபிள் முனையில் இருக்கும் கவ்வி) டெர்மினலுக்கும் நடுவில் மல்டிமீட்டரை 10 ஆம்பியர் வரிசையில் சேர்த்தேன். எல்லாம் அணைந்த வண்டியில் 0.18 ஆம்பியர். பாட்டு செட்டின் ஃபியூஸைக் கழற்றினால் 0.01. ஆம்ப்ளிஃபையரை விழிக்க வைக்கிற மெல்லிய நீல வயரை மகன் சாவிக்குக் கட்டாமல், சாவியை அணைத்தாலும் கரண்ட் இருக்கிற வயரில் கட்டியிருந்தான். பாட்டு நின்றாலும் ஆம்ப்ளிஃபையர் தூங்கவே இல்லை. 0.18 என்றால் சின்ன எண்தான், ஆனால் ஒரு நாளைக்கு 4.3 ஆம்பியர்-ஹவர். முழுசாக நிறைந்த 80-ஏகூட பதினெட்டு, பத்தொன்பது நாளில் காலி. சித்திரையில் உழவு முடித்து நிறுத்திய டிராக்டர் எழுபது நாள் நின்றிருக்கிறது.

இதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அண்ணன் ஒரு விஷயம் சொன்னார்: மாசியிலேயே செல்ஃப் மந்தமாகத்தான் சுற்றியது, இரண்டு தடவை மேட்டிலிருந்து உருட்டி எடுத்தோம் என்று. அப்போது வண்டி தினமும் ஓடிக்கொண்டிருந்தது. ஓடுகிற வண்டியில் ஏன் குறைய வேண்டும்?

என் பேட்டரியை மாட்டி ஓட விட்டேன். ஹெட்லைட்டையும் போட்டேன். எஞ்சின் ஓடும்போது கரண்ட் உண்டாக்குகிற ஆல்டர்னேட்டரின் முனையில் 14.2 வோல்ட், குறை சொல்ல முடியாது. அதே நேரம் பேட்டரி டெர்மினலில் 13.5. கிளாம்ப் மீட்டரில் 12 ஆம்பியர் ஓடிக்கொண்டிருந்தது. நடுவில் 0.7 வோல்ட் எங்கேயோ தொலைகிறது. மீட்டரின் ஒரு முனையை ஆல்டர்னேட்டரில் வைத்து, இன்னொரு முனையை வயர் வழியாக ஒவ்வொரு இணைப்பாக நகர்த்திக்கொண்டே போனேன். பானெட்டுக்குள் கறுப்பு டேப் சுற்றிய ஓர் உருண்டை. தொட்டால் சுட்டது. டேப்பைப் பிரித்தால் உள்பக்கம் பொரிந்து பழுப்பாகியிருந்தது. உள்ளே சார்ஜிங் வயரை நடுவில் வெட்டி, பாட்டு செட்டு வயரையும் சேர்த்து வெறுமனே முறுக்கி விட்டிருக்கிறார்கள். ஈயப்பற்று இல்லை, லக் இல்லை. செம்பு பச்சை பூத்திருந்தது.

ஆல்டர்னேட்டருக்குள் இருக்கும் ரெகுலேட்டர் தன் முனையில் 14.2 இருப்பதைப் பார்த்துத் திருப்தியாக இருந்துவிடுகிறது. பேட்டரிக்கு எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்று அதற்குத் தெரியாது. ஓட்டம் நீண்டால் கரண்ட் குறைந்து இந்த இழப்பும் குறையும். தொடர்ந்து நாலு மணி நேரம் உழுகிற நாளில் பேட்டரி ஓரளவு நிறைந்திருக்கும். மாசி, பங்குனியில் இந்த டிராக்டர் செய்தது தேங்காய் ஏற்றுவது, எரு அடிப்பது. அரை மணி ஓட்டம், நிறுத்தம், மறுபடி செல்ஃப், கூடவே பாட்டு. முக்கால் வயிற்றோடு மூன்று மாதம், அதன் மேல் எழுபது நாள் முழுப் பட்டினி. ஒரே பாட்டு செட்டு இரண்டுக்கும் காரணம்.

மகன் பக்கத்தில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். “ஏண்டா, வீடியோ பார்த்து மாட்டினேன்னியே, அதுல இதைச் சொல்லலியா?” என்றார் அண்ணன். நான் குறுக்கே புகுந்து, கடைக்காரர்களே இப்படித்தான் முறுக்குகிறார்கள் என்று சொல்லி வைத்தேன். பொய்யும் இல்லை.

முறுக்கை வெட்டி எறிந்து சார்ஜிங் வயரைப் புதிதாக ஒரே துண்டாக இழுத்தேன். பாட்டு செட்டுக்குத் தனி வயர், பேட்டரிப் பக்கத்திலேயே ஃபியூஸ், நீல வயர் சாவிக்கு. டெர்மினல் உப்பை ஆப்பசோடாத் தண்ணீர் ஊற்றிக் கழுவி, மூடித் துளைக்குள் அது இறங்காமல் பார்த்து, லக்கை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இறுக்கிய பிறகு வாசலின் பூசினேன். வாசலினை முதலில் தடவிவிட்டு லக்கை மாட்டுகிறவர்களும் உண்டு. நான் உலோகத்தோடு உலோகம் உட்கார்ந்த பிறகுதான் பூசுவேன். எட்டு நாள் கழித்துப் பேட்டரியைக் கொண்டுபோய் மாட்டினேன். பாசிட்டிவ் முதலில், எர்த் (நெகட்டிவ்) கடைசியில். கழற்றும்போது எர்த் முதலில். ஸ்பேனர் பாடியில் பட்டால்கூடப் பொறி வராது.

பேட்டரி டெர்மினலில் 14.1 வந்தது. செல்ஃப் அடிக்கும்போது மீட்டர் 9.9-க்குக் கீழே போகவில்லை. டீசல் எஞ்சினுக்கு, இந்த வயதுப் பேட்டரிக்கு, நல்ல எண்.

வாங்கியது கூலி 800, வயர் சாமான் தனி. புதுசுக்கு ஏழாயிரத்துக்கு மேல் ஆகியிருக்கும். ஆனால் இது கட்டுப்படியாகிற தொழில் இல்லை, சொல்லிவிடுகிறேன். எட்டு நாள் மேசையை அடைத்துக்கொண்டு கிடந்தது. தெரிந்தவர் என்பதால் செய்தேன். லோடு வண்டிப் பேட்டரி அதே நாள் டீலரிடம் போனது, புதுசு விலையில் கழித்துக்கொண்டார். பழைய பேட்டரியைத் திரும்ப வாங்கிச் சேர்க்கும் பொறுப்பை 2001 விதிகள் ஏற்கெனவே வைத்திருந்தன. 2022-ல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் அதைத் தயாரிப்பாளர் தலையில் இன்னும் இறுக்கமாகக் கட்டியிருக்கின்றன. எடைக்காரரிடம் கொடுத்தால் நூறு ரூபாய் கூடக் கிடைக்கலாம். அவர் ஆசிட்டைச் சாக்கடையில் கவிழ்த்து, எங்கேயோ ஒரு கொட்டகையில் ஈயத்தை உருக்குவார்கள். அந்தப் புகை அக்கம்பக்கத்துக் குழந்தைகளின் ரத்தத்தில் போய்ச் சேரும்.

ஆடி உழவு முழுக்க அந்தப் பேட்டரியிலேயே ஓடியது. மாதம் ஒருமுறை மூடி திறந்து தண்ணீர் பார்க்கவும், பத்து நாளுக்கு மேல் நிறுத்தினால் எர்த் லக்கைக் கழற்றி வைக்கவும் சொல்லியிருந்தேன். கழற்றி வைத்தாலும் தானாக இறங்கும், அதனால் மாதம் ஒரு தடவை சார்ஜ். அண்ணன் இதில் கறார். சமையலறை காலண்டரில் தேதி எழுதி வைத்திருந்தார்.

தை மாசம் மறுபடி போய் அளந்தேன். ஐந்து செல் 1.240. நாலாவது 1.195.

“இந்தக் கோடை தாண்டாதுங்கண்ணா. நாலாவது செல் இறங்கிட்டே வருது. சித்திரைக்குள்ள புதுசுக்குப் பணம் எடுத்து வெச்சுக்குங்க.”

“எடுத்து வெச்சாச்சுங்க தம்பி. பழசைக் கிழக்கால காட்டுல பன்னி வேலிக்குப் போட்டா ஆகுமுங்களா?”

காட்டுப்பன்றியைத் தடுக்கிற சோலார் மின்வேலி அது. வேலிக்கு இழுப்பது கொஞ்சம்தான், பகலில் சோலார் தகடு ஏற்றிக்கொண்டே இருக்கும். நாலாவது செல் ஷார்ட் ஆகாத வரைக்கும் ஓடும் என்றேன். ஓலைக்குக் கீழே, காற்றுப் போகிற இடத்தில் வைக்கச் சொன்னேன். மகன் ஸ்பீக்கரைத் துடைத்துக்கொண்டிருந்தான். அடுத்த நாள் மாட்டுப் பொங்கல்.